ஜீப்ரானோ வெனீர்: இந்தக் கோடுகள் எந்த மரத்திலிருந்து வருகின்றன?

கேள்வி: அலமாரி

அனைவருக்கும் வணக்கம். வீடுகளுக்கு உள்ளலங்காரமும் மரச்சாமான்களும் செய்து தருவது என் தொழில். வாடிக்கையாளர் ஒருவர் தம் படிப்பறைக்கு எழுதுமேசை ஒன்றும், ஒரு சுவர் முழுவதையும் அடைக்கும் புத்தக அலமாரி ஒன்றும் கேட்டிருக்கிறார். இரண்டின் முகப்பிலும், வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பின் மேல் கரும்பழுப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடும் ஜீப்ரானோ மரமே வர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். தேக்கும் ஈட்டியும் பார்த்துச் சலித்துவிட்டதாம்.

கடைகளில் விசாரித்தபோது அந்தப் பெயரில் மூன்று வகைச் சரக்கைக் காட்டினார்கள். முதலாவது மைக்கா, அது அச்சிட்ட படம் என்பதால் அதைப் பற்றிக் கேள்வி இல்லை. மற்ற இரண்டும் 8 அடிக்கு 4 அடி அளவும் 4 மி.மீ. கனமும் உள்ள வெனீர் பலகைகள், அதாவது மெல்லிய மர ஏட்டை ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டியவை. ஒன்றின் விலை மற்றொன்றின் இரு மடங்கைத் தாண்டுகிறது. விற்பவரோ இரண்டுமே உண்மையான மரந்தான் என்கிறார். விலை குறைந்ததில் கோடுகள் சிறிதும் பிசகாமல் நேராக ஓடுகின்றன. விலை கூடியதில் கோடுகளின் அகலம் மாறுகிறது, சில இடங்களில் லேசான அலைவும் இருக்கிறது. பார்ப்பவர் எவரும் விலை குறைந்ததையே தரமானது என்பார்கள். அதனால்தான் குழம்பி நிற்கிறேன்.

இது எந்த மரம், எந்த நாட்டில் வளர்கிறது, மேசையின் ஓரச் சட்டங்களுக்கு வெனீர் ஒட்டாமல் கட்டை மரமாகவே வாங்கிப் பயன்படுத்தலாமா, அழிந்துவரும் மரம் என்று சொல்லப்படுவது எந்த அளவுக்கு உண்மை என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளரின் வீட்டில், அவருடைய பாட்டனார் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கோடு விழுந்த பழைய நகைப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதுவும் ஜீப்ரானோதான் என்று அவர் நம்புகிறார். அது சரியா?

பதில் 1: இழைப்புளி

விற்பவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், விலை குறைந்தது வணிகத்தில் ரீகான் வெனீர் எனப்படுவது. அது மரந்தான், ஆனால் ஜீப்ரானோ மரம் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆயூஸ், ஐரோப்பாவின் பாப்லர் போன்ற வெளிர் நிற மென்மரங்களை மெல்லிய ஏடுகளாக உரித்து, அவற்றைச் சாயத் தொட்டியில் தோய்த்து, வெளிர் ஏட்டையும் கறுத்த ஏட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு அழுத்திப் பெரிய கட்டையாக்குகிறார்கள். அந்தக் கட்டையை அடுக்குகளுக்குக் குறுக்காகச் சீவும்போது ஒவ்வோர் ஏட்டின் விளிம்பும் ஒரு கோடாகத் தெரிகிறது. வேண்டிய அகலத்தில், வேண்டிய நிறத்தில், வேண்டிய அளவு கோடுகளை இப்படி ஆலையிலேயே உருவாக்கிவிடலாம். எனவேதான் அவை பிசகாமல் ஓடுகின்றன.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே வகையில் நான்கைந்து பலகைகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள்; ரீகானாக இருந்தால் எல்லாமே ஒன்றுபோல் இருக்கும், இயற்கை மரமாக இருந்தால் அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளில்கூடக் கோடு சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போகும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இரு நிறங்களும் சந்திக்கும் எல்லையைக் கவனியுங்கள். ரீகானில் அந்த எல்லை கத்தியால் கீறியதைப் போலக் கூர்மையாக இருக்கும். இயற்கை மரத்தில் கரும்பட்டையின் ஓரம் சற்றுக் கலங்கி வெளிர்ப் பகுதிக்குள் கரையும். மூன்றாவதாக, பலகையைச் சாளர வெளிச்சத்தில் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஜீப்ரானோவின் நார்கள் ஒரு திசையில் சில ஆண்டுகளும் எதிர்த்திசையில் சில ஆண்டுகளுமாகச் சாய்ந்து வளர்வதால், ஒளி படும் கோணம் மாறும்போது மேற்பரப்பில் பளபளப்புப் பட்டைகள் இடம் மாறும். சாயமிட்ட ஏடுகளில் இந்த விளையாட்டைக் காண முடியாது.

ரீகானைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பத்துக் கதவுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் அதுதான் வசதி. சாயம் நேரடி வெயிலில் வெளிறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி இயற்கை மரத்தின் கோடு எப்படி அமைகிறது என்பதைப் பார்ப்போம். அடிமரத்தின் வெளிப்புறத்தில் வெண்மையான பகுதி அகலமாக இருக்கும். அதில் கோடு கிடையாது. உள்ளே உள்ள வைரப்பகுதியில்தான் கரும்பட்டைகள் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் படிந்திருக்கின்றன. நடுவிலிருந்து வெளிப்புற மரப்பட்டையை நோக்கி ஆரப்போக்கில் அறுத்தால் அந்த வளையங்கள் அனைத்தும் இணையான நேர்கோடுகளாகத் தெரியும். வணிகத்தில் இதைக் குவார்ட்டர் கட் என்பார்கள். வளையத்தைத் தொட்டுச் செல்லும் போக்கில் அறுத்தால் அதே மரம் அலையலையாகவும் கோபுர வடிவமாகவும் கோலம் காட்டும்; அது கிரவுன் கட். நீங்கள் பார்த்த அலைவு, ஏடு முற்றிலும் ஆரப்போக்கில் விழாததால் வந்ததாக இருக்கலாம். அது குறையன்று.

கட்டை மரமாக வாங்குவது பற்றி: முடியும், ஆனால் எச்சரிக்கை தேவை. காற்றில் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 750 முதல் 800 கிலோ எடை. தேக்கைவிட நன்றாகவே கனமும் கடினமும் உள்ளது. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, வளையத்தின் போக்கில் தேக்கு ஏறத்தாழ 5 சதவீதமே சுருங்க, இது 10 சதவீதத்துக்கு மேல் சுருங்குகிறது. அவசரப்பட்டு உலர்த்தினால் முறுக்கிக்கொள்ளும், விரிசல் விடும். நார் இருபுறமும் சாய்வதால் இழைக்கும்போது ஒரு பட்டை வழவழப்பாக வர, அடுத்த பட்டை பிய்த்துக்கொண்டு எழும். உளி வாய் மிகக் கூர்மையாகவும் சீவல் மிக மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அல்லது உப்புத்தாள் இயந்திரத்திடம் விட்டுவிட வேண்டும். அறுக்கும்போது எழும் நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே நல்லது. உலர்ந்து பாலிஷ் ஏறிய பின் அது இருக்காது. தூள் சிலருக்குக் கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தருவதால் முகக்கவசம் கட்டாயம். ஓரச் சட்டம்போன்ற ஒடுங்கிய உருப்படிகளுக்குக் குவார்ட்டர் கட் துண்டுகளை வாங்கினால் சமாளிக்கலாம். அகலமான மேசைப் பலகையை முழு மரத்தில் செய்ய நான் துணியமாட்டேன்.

பதில் 2: காட்டுவழி

மரத்தைப் பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். தாவரவியல் படித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வணிகத்தில் ஜீப்ரானோ அல்லது ஜிங்கானா என்ற பெயரில் வருவது மைக்ரோபெர்லினியா என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மரங்களின் வைரம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒகுஸ்த் செவாலியே 1946-இல் இந்தப் பேரினத்தை விவரித்தார். மைக்ரோபெர்லினியா பிரசாவில்லென்சிஸ் என்ற இனம் காபோன், காங்கோ குடியரசு ஆகிய நாடுகளின் காடுகளில் வளர்கிறது. மைக்ரோபெர்லினியா பைசல்கேட்டா என்ற இனமோ கேமரூனின் தென்மேற்குப் பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. அறுத்த பலகையைப் பார்த்து இது எந்த இனம் என்று கடைக்காரர் சொல்ல இயலாது. இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. நம் ஊர் வாசகர்களுக்கு உறவுமுறை சொல்வதென்றால், இவை அவரைக் குடும்பத்தில் டிடாரியாய்டே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் புளியமரமும் அசோகமும் ஆச்சா மரமும் அதே துணைக்குடும்பம். புளியிலையைப் போன்றே பல சிற்றிலைகள் வரிசையாக அமைந்த கூட்டிலைதான் ஜீப்ரானோவுக்கும்.

இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் நமக்கு நிறையத் தெரியும். காரணம், கேமரூனின் கோருப் தேசியப் பூங்காவில் அந்த மரங்கள் திரளாக நிற்கும் தோப்பு ஒன்றைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நியூபெரியும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கோருப், நைஜீரிய எல்லையை ஒட்டியது. அதன் தென்பகுதியில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரே ஒரு வறண்ட பருவம். மழை மிகுதி என்பதால் மண் செழிப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. மணல் பாங்கான, சத்துகள் அடித்துச் செல்லப்பட்ட, குறிப்பாகப் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண் அது. அந்த மண்ணில் இம்மரங்கள் வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளின் துணையுடன்தான் சத்தைத் திரட்டிக்கொள்கின்றன. அடிமரத்தைச் சுற்றிப் பலகை பலகையாக விரியும் உதைவேர்கள் ஆளுயரத்தையும் தாண்டும். முதிர்ந்த மரத்தின் விட்டம் ஒரு மீட்டரை எளிதாகக் கடக்கும். வறண்ட பருவத்தில் இலை உதிர்த்து, உடனே புதிது தளிர்க்கும்.

விதைக்கும் முறைதான் இங்கே முக்கியம். இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. தோப்பு முழுவதும் ஒருசேர, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏராளமாகக் காய்க்கும். இடையிலுள்ள ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றுமிராது. காய்ந்த நெற்றுகள் ஆமணக்குக் காய் வெடிப்பதுபோல வெடித்து விதையைத் தெறிக்கவிடுகின்றன. அந்த விசையில் விதை தாய்மரத்திலிருந்து 50 மீட்டர் அளவுக்கே போகும். அவற்றைப் பறவையோ காற்றோ தொலைவுக்குக் கொண்டுசெல்வதில்லை. காய்த்த ஆண்டில் தோப்பின் தரை முழுவதும் நாற்றுகள் நிறைந்திருக்கும். ஆனால் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், தாய்மரங்களின் நிழலிலோ அது கிடைப்பதில்லை. புழுக்களும் இலையைத் தின்றுவிடுகின்றன. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மடிந்துவிடுகின்றன. எனவே அந்தத் தோப்பில் பெருமரங்கள் நிறைய, நாற்றுகளும் நிறைய, இடைப்பட்ட இளமரங்களோ மிகச் சில என்ற நிலைதான் காணப்படுகிறது. இப்போது நிற்கும் பெருமரங்கள், கடந்த காலத்தில் நீண்ட வறட்சிகளால் காடு திறந்துகொண்டபோது எழுந்தவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள்.

இதன் விளைவு வணிகருக்குக் கசப்பானது. திரளாக நிற்கும் மரத்தை வெட்டுவது மிக எளிது. வெட்டிய இடத்துக்கு வெளியிலிருந்து விதை வந்து சேர்வது மிக அரிது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் கேமரூன் இனம் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளதாகவும், காபோன் இனம் எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியதாகவும் பதிவாயின. ஆகவே "அழிந்துவரும் மரம்" என்பது வெறும் பேச்சன்று. ஆனால் இரண்டு இனங்களின் நிலையும் ஒன்றன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதில் 3: களனிக்கரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். அந்த நகைப்பெட்டி பழையது என்றால், அது ஜீப்ரானோவாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. எங்கள் நாட்டின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மட்டுமே வளரும் ஒரு மரத்தின் வேலைப்பாடாக அது இருக்கலாம். சிங்களத்தில் அதனைக் கலுமெதிரிய என்பார்கள். ஆங்கிலேயரின் வணிகத்தில் அது கலமாண்டர் என வழங்கியது. கருங்காலியும் பனிச்சையும் அடங்கிய டயோஸ்பைரஸ் பேரினத்தைச் சேர்ந்த டயோஸ்பைரஸ் குவீசிட்டா என்பது அதன் தாவரவியற் பெயர். பேராதனைத் தாவரவியற் பூங்காவை நிருவகித்த துவைட்ஸ் இந்தப் பெயரை இட்டார்.

19ஆம் நூற்றாண்டில் காலி, மொரட்டுவை ஆகிய இடங்களின் தச்சர்கள் இம்மரத்தில் செய்த பெட்டிகளையும் தளபாடங்களையும் வெளிநாட்டவர் விரும்பி வாங்கிச் சென்றனர். இங்கிலாந்தின் செல்வந்தர் வீடுகளிலும் அவை இடம்பிடித்தன. 1845 முதல் 1850 வரை இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859-இல் வெளியான தம் நூலிலேயே, முதலில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மறுநடுகையைப் பற்றிச் சிறிதும் எண்ணாமல் வெட்டித் தீர்த்ததால் இம்மரம் மிக அரிதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அதை ஆளும் தரப்பைச் சேர்ந்தவரே எழுதியதுதான் எனக்கு வியப்பு. இன்று சிங்கராஜா போன்ற காடுகளில் இம்மரம் எஞ்சியிருக்கிறது. சந்தையில் தேடிப் பயனில்லை.

வேறுபாட்டைக் கண்ணாலேயே அறியலாம். ஜீப்ரானோவின் நிலம், அதாவது கோடுகளுக்குப் பின்னுள்ள அடிநிறம், வைக்கோல் நிறத்தை ஒட்டியது. கோடுகள் மெல்லியவை, ஒழுங்கானவை. கலமாண்டரின் நிலம் செம்மை கலந்த பழுப்பு. அதன் மேல் கரும்பட்டைகள் மேகம் படர்ந்தாற்போல் அகன்றும் குறுகியும் திட்டுத்திட்டாகவும் ஓடும். நன்கு மெருகேற்றிய பெட்டியில் மரத்துளைகளே புலப்படாத அளவுக்கு அது நெருக்கமான மரம். ஜீப்ரானோவின் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கையில் எடுத்தால் எடையிலும் வேறுபாடு தெரியும். அந்தப் பெட்டிக்குப் புதிதாகப் பாலிஷ் அடிக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். பழைய மெருகு போனால் அதன் மதிப்பும் போய்விடும்.

மேலும், கோடு விழுந்த மரங்களையெல்லாம் வரிக்குதிரையின் பெயரால் அழைப்பது வணிகரின் பழைய வழக்கம். ஆப்பிரிக்க மரம் ஐரோப்பியச் சந்தையில் நிலைபெறுவதற்கு முன், ஆங்கிலேயத் தச்சர்கள் அந்தப் பெயரால் குறித்தது பிரேசில் போன்ற அமெரிக்க நாடுகளின் அஸ்ட்ரோனியம் மரத்தை. அந்தமானின் பளிங்கு மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. இமயமலை அடிவாரத்துப் பிஸ்டாசியா மரம் ஒன்றையும் அப்படியே அழைக்கிறார்கள். சித்த வைத்தியர்கள் பயன்படுத்தும் கற்கடகசிங்கி அம்மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புதான். எனவே விலைச்சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அலமாரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெட்டியைப் பார்த்துவந்தேன், களனிக்கரை அவர்கள் விவரித்த செம்பழுப்பு நிலமும் மேகம்போன்ற பட்டைகளும் அப்படியே இருக்கின்றன. கையை வைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். காட்டுவழி அவர்கள் எழுதியதைப் படித்த பின் எனக்கு ஒரு தயக்கம் வந்துவிட்டது. ரீகானையே பயன்படுத்திவிட்டால் மனச்சாட்சிக்கு நல்லது என்று கொள்ளலாமா?

பதில் 4: சான்றுச்சீட்டு

மர இறக்குமதித் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ரீகானின் மூலப்பொருளான ஆயூஸும் அதே மழைக்காட்டு நாடுகளிலிருந்து வெட்டி வருவதுதான். அது விரைந்து வளரும் மரம், காடு திறந்த இடத்தில் தானே முளைக்கும் என்பது உண்மை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ரீகான் என்றாலே காட்டுக்குத் தீங்கில்லை என்பதும் சரியன்று.

வெனீர் என்ற வடிவத்தின் நியாயத்தையும் மறக்கக் கூடாது. ஏட்டின் கனம் பொதுவாக அரை மி.மீ. அளவே. ஓர் அங்குலப் பலகையை அறுக்கும் மரத்தில் ஏறத்தாழ ஐம்பது ஏடுகளைச் சீவலாம்; ரம்பத்தூளாகப் போகும் வீணும் இல்லை. 1970, 80களில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களின் முகப்பில் பதித்த ஜீப்ரானோவும் இத்தகைய ஏடுதான். காபோன் அரசு 2010-இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்த பின், அந்நாட்டு மரத்தை அங்கேயே அறுத்தோ சீவியோதான் வெளியே கொண்டுவர முடியும். வருமானத்தில் ஒரு பங்காவது காட்டுக்கு அருகிலேயே தங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். காபோனிலும் காங்கோ குடியரசிலும் காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்குச் சான்றளிக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.எஸ்.சி.யின் சான்று பெற்ற காட்டுக் குத்தகைகள் இருக்கின்றன. ஒரு பரப்பில் இத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்த அளவு மரங்களே என்று வரையறுத்து வெட்டும் காட்டுக்கு வாங்குவோர் இல்லாமல் போனால், அந்த நிலம் தோட்டப்பயிருக்கு மாறும் அபாயம் இருக்கிறது.

பதில் 5: காட்டுவழி

சான்றுச்சீட்டு அவர்கள் சொல்வதில் வெனீரைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். வரையறுத்து வெட்டுவதைப் பற்றிய பகுதியை அப்படி ஏற்க முடியவில்லை. முன்பு சொன்னதுபோல் இளமரங்களே அரிதாக உள்ள இனத்தில், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்ட வரும்போது அடுத்த தலைமுறை தயாராக இருக்கும் என்று எந்தக் கணக்கை வைத்து நம்புவது? கோருப் ஆய்வு கேமரூன் இனத்தைப் பற்றியது, காபோன் இனத்துக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது என்று அவர் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதே. ஆகவே என் கருத்து இவ்வளவுதான்: சான்றோடு காபோனிலிருந்தோ காங்கோவிலிருந்தோ வந்தது என்று காட்ட முடிந்தால், வெனீராக மட்டும் வாங்கலாம். கேமரூன் சரக்கைத் தவிர்க்க வேண்டும். நாடு எது என்று சொல்ல மறுக்கும் கடையில் ரீகானை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பதில் 6: இழைப்புளி

முடிவு எதுவானாலும் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். கண்ணில் படும் மேசை முகப்புக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் மட்டும் இயற்கை வெனீர் போதும். உள் தட்டுகளுக்கும் பக்கச் சுவர்களுக்கும் வேறு மரம் போடுங்கள். அங்கே கோடுகள் வந்தால் புத்தகங்களின் முதுகுகளோடு சேர்ந்து கண்ணை உறுத்தும்.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஏடுகளை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓர் ஏட்டை நேராகவும் அடுத்ததைத் திருப்பியும் வைத்து ஒட்டுவதைப் புக் மேட்ச் என்பார்கள். பல மரங்களுக்கு அது அழகு. ஜீப்ரானோவில் நார் சாய்ந்திருப்பதால், திருப்பி வைத்த ஏடு ஒளியை வேறு திசையில் திருப்பிவிடும். பாலிஷ் அடித்த பின் ஓர் ஏடு வெளிறியும் அடுத்தது கறுத்தும் தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் இரண்டும் நிறம் மாறிக்கொள்ளும். குவார்ட்டர் கட் ஏடுகளை எல்லாம் ஒரே முகமாக அடுக்கி ஒட்டிய பலகையையே கேளுங்கள். கடையின் குழல்விளக்கில் இந்த வேறுபாடு தெரியாது. வெளியே எடுத்துவந்து இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்.

உப்புத்தாளை நார் ஓடும் திசையில் மட்டும் கையால் தேயுங்கள், ஏடு அரை மி.மீ. தான். எண்ணெய் வகைகள் வெளிர் நிலத்தைக் கறுக்கச் செய்து கோட்டின் எடுப்பைக் குறைத்துவிடும். துளைகளை நிரப்பிவிட்டுப் பளபளப்பில்லாத பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தால் நிறம் பெரிதும் மாறாது. ஓரச் சட்டத்துக்கு ஜீப்ரானோ கட்டையைத் தேடி அலைய வேண்டாம், கரும்பட்டையின் நிறத்துக்கு நெருங்கிய ஈட்டித் துண்டுகள் பட்டறையில் மீந்திருக்கும். அலமாரிக் கதவுகளுக்கு வாங்கும் பலகைகள் ஒரே கட்டிலிருந்து வரிசையாகச் சீவியவையா என்று உறுதி செய்து, வண்டியிலிருந்து இறக்கும்போதே பின்பக்கம் எண் போட்டுவிடுங்கள். வரிசை கலைந்துவிட்டால் கோடுகளை மறுபடி பொருத்த முடியாது.